பிழைகளுக்கு ஒரு பதிவேடு

நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரம், தலைமை எழுத்தர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் எழுதுவது அல்ல, எழுதியதை அடிப்பது. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று, பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற ஒரே தகுதியில், என்னை அந்தப் பிரிவில் போட்டிருந்தார்கள். தேதி ஒன்றைத் தவறாக எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோது பிளேடால் சுரண்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுரண்டாதே. ஒரே கோடு போட்டு அடி. அடித்த சொல் படிக்கத் தெரிய வேண்டும். ஓரத்தில் எத்தனை சொல் அடித்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். பிறகு எத்தா சிவில் பதிவேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் அழகான சாய்வெழுத்தில் "த்ருவா மோ ரேயே நுல்" என்று இருந்தது. மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாதவை என்று பொருள். கீழே கையொப்பம். நம் ஊரில் அந்தப் பதிவேடுகளை வைத்துப் பிறப்புச் சான்று வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரே பதிவேட்டை இரண்டு படி எழுதுவார்கள். ஒன்று மேரியில் இருக்கும், மற்றது நீதிமன்றத்தின் கிரெஃபுக்குப் போகும். ஒன்று கரையான் அரித்தாலும் மற்றது இருக்கும்.

ஐம்பது வருடம் கழித்து, ஒரு கம்ப்யூட்டர் விவகாரத்தில் அந்தப் பாடம் மறுபடி எனக்குத் தேவைப்பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பொறுப்பில் இருக்கும் ஓய்வூதியர் சங்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணையை இழந்த வயதானவர்களுக்கு மருந்துச் செலவுக்கென்று ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். காகிதப் பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது, கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் காசு வாங்காமல் ஒரு இணையச் செயலி எழுதிக் கொடுத்தான். பழைய உறுப்பினர் பட்டியலை அதில் ஏற்றினோம். "வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சை நிறத்தில் வந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு அம்மாள் ஆட்டோ பிடித்து வந்தார். எண்பது வயது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "இரண்டு தடவையாப் பணம் வரலையே தம்பி" என்றார். நான் திரையில் தேடினேன், பெயர் இல்லை. "பட்டியல்ல உங்க பேர் இல்லையே அக்கா, சந்தா கட்டாம விட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "நான் உயிரோடதான் இருக்கேன். உங்க பொட்டியிலதான் இல்லை போல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை பழைய பதிவேட்டை எடுத்து எண்ணினேன். காகிதத்தில் 412 பேர், திரையில் 401. விடுபட்ட பதினொரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம் ஊரில் பிரெஞ்சுக் காகிதங்களோடு இருக்கும் குடும்பங்களின் பெயர்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஆக்சான் போட்ட 'எ' எழுத்தோ, கீழே கொக்கி போட்ட 'ஸெதீய்' எழுத்தோ இருந்தது.

பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது காரணத்தை விளக்கினான். பழைய ஐரோப்பியக் குறியீட்டு முறையில் ஆக்சான் தெகூ போட்ட 'எ' எழுத்துக்கு எண் 233. இப்போது உலகம் முழுவதும் புழங்குவது யுடிஎஃப்-8 என்ற முறை. 1992ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தது. அதில் அதே எழுத்து 195, 169 என்று இரண்டு எண்களாக எழுதப்படும். பழைய கோப்பில் 233 தனியாக வந்ததும் புதிய நிரல் தடுக்கி விழுந்திருக்கிறது. விழுந்தது பெரிய குற்றம் இல்லை. அந்தப் பையன் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தான்: பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த பெயருக்குப் போ. பிளேடால் சுரண்டுவது என்பது இதுதான்.

அதன் பிறகு எனக்கு ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர்க்காரர்கள் தங்கள் தவறுகளை எங்கே எழுதி வைக்கிறார்கள்? அந்தப் பழக்கம் எப்போது வந்தது?

பலருக்குத் தெரிந்த கதை 1947 செப்டம்பர் 9ஆம் தேதியது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்ற இயந்திரத்தில் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, அன்றைய குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தோடு எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையை ஊரெங்கும் சொன்னதால் அவரே பிடித்தார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இயந்திரக் கோளாறுக்குப் 'பூச்சி' என்ற பெயரும் அப்போது வந்ததல்ல. 1878லேயே எடிசன் ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். என் மனதில் நின்றது பூச்சி இல்லை, அந்த நோட்டுப் புத்தகம். கோளாறு வந்ததும் எழுத ஓரிடம் அவர்களிடம் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது கதை பிரெஞ்சு கயானாவில் நடந்தது. 1996 ஜூன் 4ஆம் தேதி கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில் சிதறிவிட்டது. உள்ளே இருந்த நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களும் போயின. கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்து ஜூலையிலேயே அறிக்கை கொடுத்தார்கள். பழைய ஏரியான் 4க்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்தது, கொள்ளவில்லை. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் அதே காரணத்தால் படுத்துவிட்டது.

இங்கேதான் விஷயம். விழுந்த அந்தக் கருவி, தனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பிழைக் குறிப்பை முறையாக அனுப்பியது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ராக்கெட்டை ஓட்டும் கம்ப்யூட்டர். அது அந்தக் குறிப்பைப் பறக்கும் திசை பற்றிய தகவல் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைத் திருத்த ராக்கெட்டைத் திருப்பியது. புகார் மனுவைக் காசோலை என்று நினைத்துப் பணம் கொடுத்த கதைதான். பிழையை எழுதுவது பாதி வேலை. அதைப் பிழை என்று தெரிந்து படிப்பவரிடம் சேர்ப்பது மீதிப் பாதி.

ஆகாயத்தை விட்டு வீட்டு மேசைக்கு வருவோம். விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிதில், ஏதாவது படுத்துவிட்டால் "மைக்ரோசாஃப்டுக்கு அறிக்கை அனுப்பவா?" என்று ஒரு சிறு பெட்டி கேட்கும், நினைவிருக்கிறதா? அது 2001. நம்மில் பாதிப் பேர் பயந்து "வேண்டாம்" என்று அழுத்தினோம். அனுப்பியவர்களின் அறிக்கைகள் ஓரிடத்தில் குவிந்தபோதுதான் அவர்களுக்கு ஒன்று தெரிந்தது. 2002ல் ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொன்னார்: நூற்றுக்கு 20 பூச்சிகள்தான் 80 பங்கு கோளாறுகளுக்குக் காரணம். எந்த மேசைக்கு எந்தப் புகார் அதிகம் வருகிறது என்று பார்த்தால் அலுவலகத்தில் நமக்குத் தெரிந்திருந்த கணக்குதான் இது.

ஆனால் அந்தப் பதிவேடு அவர்களிடம் இருந்தது. சின்னஞ்சிறு செயலி எழுதுகிறவனுக்கு என்ன வழி? 2008ல் டேவிட் கிரேமர் என்ற இளைஞர், ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்போடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணை நிரல் ஒன்றை எழுதினார். பிழைகளைத் தரவுத்தளத்தில் எழுதி வைப்பதுதான் அதன் வேலை. அது வளர்ந்து செண்ட்ரி ஆயிற்று. காவல்காரன் என்று பொருள். பிரெஞ்சில் 'சான்த்தினேல்' என்போமே, அதே வேலை. ஜாங்கோ என்ற பெயர் பாரிஸில் புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடையது என்று நான் சொன்னபோது பேரனுக்கு அது தெரியவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

செண்ட்ரியை யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 நவம்பரில் உரிமத்தை மாற்றினார்கள். எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதையே போட்டிக் கடையாக வைத்து விற்கக் கூடாது. 2023ல் இன்னொரு முறை மாற்றினார்கள். அதன்படி ஒவ்வொரு வெளியீடும் இரண்டு வருடம் கழித்து முழுத் திறந்த உரிமத்துக்குப் போய்விடும். உழைத்தவன் பிழைக்க வேண்டும் என்ற நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது.

எங்களுக்குத் தடையாக இருந்தது உரிமம் இல்லை, உருவம். இன்றைய செண்ட்ரியைச் சொந்தமாக நிறுவ 16 ஜிபி நினைவகம் கேட்கிறது. காஃப்கா, கிளிக்ஹவுஸ் என்று உள்ளே ஒரு பட்டாளமே ஓடுகிறது. நாலு பேர் குடியிருக்கும் வீட்டுக்குக் கல்யாண மண்டபம் எதற்கு? அதனால் பேரன் கிளிட்ச்டிப் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். திறந்த உரிமம். செண்ட்ரிக்கு அனுப்பத் தெரிந்த நிரல்கள் இதற்கும் அதே மொழியில் அனுப்பலாம். ஒரு ஜிபி நினைவகம் உள்ள சிறு வாடகை சர்வரே போதும்.

"காசு கொடுத்தா அவங்களே அவங்க இடத்துல வச்சுப் பாத்துப்பாங்க தாத்தா. எதுக்கு இந்த வம்பு?" என்று அவன் கேட்டான். பிழை நடந்தால் அந்த அறிக்கையில் என்னென்ன போகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். எந்தக் கோப்பில் எந்த வரியில் விழுந்தது என்பது போகும். அந்த நேரத்தில் நிரல் கையில் வைத்திருந்த மாறிகளின் மதிப்பும் சேர்ந்து போகும் என்றான். கடவுச்சொல் போன்றவற்றை அதுவே மறைத்துவிடும். ஆனால் ஒரு விதவையின் பெயர், வங்கிக் கணக்கு எண், அவர் சாப்பிடும் மருந்து? நாம் மறைக்கச் சொன்னால்தான் மறைக்கும். பிறகு விவாதம் நடக்கவில்லை. பதிவேடு நம் அலமாரியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். அவன் தட்டினான், நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் டாக்கர். செயலி, அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி வைப்பது போல. தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ் ஒரு தனிப் பெட்டி. எந்தப் பெட்டி எதோடு பேசும் என்பதை ஒரே கோப்பில் எழுதிவிட்டால், ஒரு கட்டளையில் எல்லாம் எழுந்து நிற்கின்றன.

அடுத்தது அமைப்புகள். ரகசியச் சாவி என்று ஒரு நீண்ட எழுத்துக்கோவை. மாதிரிக் கோப்பில் இருப்பதை மாற்றாமல் விட்டால், பூட்டின் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல. செயலியின் முழு இணைய முகவரியை எழுத வேண்டும். அதைத் தவறாக எழுதினால் மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் எங்கேயும் போகாது. முன்வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற வாயிற்காப்போன். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு. எங்கள் இருவருக்கும் கணக்கு தொடங்கியதும், புதிதாக யாரும் பதிவு செய்ய முடியாதபடி கதவை அடைத்தான். பழைய பிழைகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்றும் சொல்லலாம். 90 நாள் என்று இருந்தது, அப்படியே விட்டோம்.

பிறகு எங்கள் சங்கச் செயலிக்குள், பிழைகளை அனுப்ப வேண்டிய முகவரியை எழுத வேண்டும். அதை டிஎஸ்என் என்கிறார்கள். உறை மேல் எழுதும் விலாசம் மாதிரி. எந்த சர்வர், எந்தத் திட்டம், யாருடைய சாவி எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கிறது.

ஒன்றைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லிச் சோதனை செய்தான். உடனே திரையில் பிழை வந்து உட்கார்ந்தது. எனக்கு மின்னஞ்சல் வரவேண்டும், வரவில்லை. பத்து நிமிடம், அரை மணி நேரம் ஆயிற்று. தேடிப் பார்த்தால், மாதிரிக் கோப்பில் மின்னஞ்சல் இடத்தில் இருந்தது ஒத்திகை அமைப்பு. கடிதத்தை எழுதும், அனுப்பாது, தன் குறிப்புக் கோப்பிலேயே அச்சடித்துவிட்டுச் சும்மா இருக்கும். எழுதிய தபாலை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு "அனுப்பியாகிவிட்டது" என்று சொன்ன சில சகாக்கள் நினைவுக்கு வந்தார்கள். உண்மையான மின்னஞ்சல் சர்வரின் விலாசத்தைப் போட்டும் முதல் தடவை போகவில்லை. கடவுச்சொல்லில் '@' குறி இருந்தது. விலாசத்திலும் அதே குறி வருவதால் குழம்பிவிட்டது. அதை வேறு வடிவில் எழுதிய பிறகு என் கைபேசி மணியடித்தது. கூருவில் நடந்ததும் என் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் ஒரே இனம் என்று அப்போது தோன்றியது.

இவ்வளவு செய்தும், அக்காவின் பெயரை விழுங்கிய அந்த ஒரு வரி நிரலில் இருந்திருந்தால் எதுவும் வந்திருக்காது. விழுங்கிய பிழையை எந்தக் காவல்காரனும் பிடிக்க மாட்டான். முதலில் அந்த வரியை எடுத்தோம். இப்போது ஒரு பெயர் ஏறாவிட்டால் பட்டியல் முழுவதும் நின்றுவிடும், அறிக்கையும் வரும். எழுதிக் கொடுத்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "தப்பு உன் மேல மட்டும் இல்லப்பா. 412ஐயும் 401ஐயும் எண்ணிப் பாக்காதது நான்" என்றேன். பதிவேட்டை மாற்றினால் கூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது எழுத்தருக்கு அரிச்சுவடி.

கடைசியாக இரண்டு வேலை. தினமும் இரவில் தரவுத்தளத்தின் ஒரு படி வேறு ஓர் இடத்துக்குப் போகிறது. மேரிக்கு ஒன்று, கிரெஃபுக்கு ஒன்று. மற்றது, காவல்காரனே தூங்கிவிட்டால் யார் சொல்வது? சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு சேவை தட்டிப் பார்க்கிறது.

முதல் மாதம் 37 அறிக்கைகள் வந்தன. ஒரே காரணத்தால் வருபவற்றை அது ஒன்றாகக் கட்டி, எத்தனை தடவை என்று எண்ணிக்கை போட்டுவிடும். பிரித்துப் பார்த்தால் நான்கே நான்கு கோளாறுகள். சரி செய்துவிட்டோம். பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது மணியடித்தது. யாரோ ஒரு பழைய பட்டியலைக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பெயரில் 'இ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி, த்ரேமா. பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது. காபி ஆறுவதற்குள் யார் பெயர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பைப் புதிய முறையில் மாற்றி மறுபடி ஏற்றினோம்.

பதினொரு பேருக்கும் விட்டுப்போன தொகையைக் கொடுத்தாயிற்று. இருவர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் நானே நேரில் போய்க் கொடுத்தேன். கம்ப்யூட்டர் தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில், பதினொரு பெயர்கள் விடுபட்டதையும், உறுப்பினர் ஒருவரிடம் சந்தா கட்டவில்லை என்று நான் தவறாகச் சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் பெயரைத் தொட்டு, "இங்க ஆக்சான் விட்டுப்போச்சே தம்பி" என்றார். பேனாவை எடுத்து, அங்கேயே போட்டு, ஓரத்தில் சிற்றொப்பமிட்டேன்.